விரியும்போது அழும் பெட்டி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாங்கோ பாட்டில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் யாரோ யாரையோ விட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்துவிடுகிறது. எப்படி?"

சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். 1917இல் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் பதிவு செய்த ‘மி நோச்சே திரிஸ்தே’, அதாவது ‘என் சோக இரவு’, இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி. வரிகள் பஸ்குவால் கொந்துர்சியுடையவை. அவள் போய்விட்டாள், கிட்டார் அலமாரியில் தொங்குகிறது, தொட ஆளில்லை, விளக்குகூட எரிய மனமில்லாமல் இருக்கிறது. அதைக் கேட்ட அர்ஜென்டினத் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் அன்று ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெரும்பாலும் இத்தாலியும் ஸ்பெயினும். விட்டுவந்த ஊரும் விட்டுப்போன பெண்ணும் ஒரே பாட்டுக்குள் கலந்ததில் வியப்பில்லை.

சரி, சொல் புரியாதவருக்கு? அங்கேதான் பந்தோனியோன் என்ற துருத்திப் பெட்டி வருகிறது. (கார்தெல் பெரும்பாலும் கிட்டாரோடுதான் பாடினார். ஆனாலும் டாங்கோ என்றதும் காதில் விழுவது இந்தப் பெட்டிதான்.) பெயர் ஹைன்ரிஷ் பாண்ட் என்ற ஜெர்மானியரிடமிருந்து வந்தது. நடுவில் துருத்தி, இரு பக்கமும் பொத்தான்கள்.

உள்ளே இருப்பது நம் ஹார்மோனியத்தில் இருக்கும் அதே சங்கதி: ரீடு. ஓர் உலோகத் தகட்டில் நீளமான துளை. அதன் மேல் ஒரு முனை மட்டும் பொருத்திய மெல்லிய நாக்கு, துளையை உரசாமல் மயிரிழை தூக்கி நிற்கும். காற்று அந்த இடைவெளியில் பாயும்போது நாக்கைத் துளைக்குள் இழுக்கிறது. வழி அடைபடுகிறது. நாக்கு சுருள்வில்போல மீள்கிறது, வழி திறக்கிறது, மறுபடி இழுபடுகிறது. நொடிக்கு 440 முறை இப்படி நடந்தால் 440 ஹெர்ட்ஸ். நம் காதுக்கு வருவது முக்கியமாக நாக்கின் ஒலி அல்ல, துண்டுதுண்டாக நறுக்கப்பட்ட காற்றின் ஒலி. நாக்கின் நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு செய்கிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இசைக்கருவிகளின் இயற்பியலுக்கு நம் ஊரில் யாராவது நிதி ஒதுக்கினால், முதல் செலவை ஹார்மோனியம் பழுதுபார்க்கும் கடையில் செய்யச் சொல்வேன்.

இந்த நாக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தான் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வந்தால்தான் பாடும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் விலகி நிற்கும், அவ்வளவுதான். ஹார்மோனியத்தில் இது தொல்லையே இல்லை. காற்று எப்போதும் ஒரே திசை. பந்தோனியோனில் துருத்தி விரியும்போது காற்று உள்ளே வருகிறது, மூடும்போது வெளியே போகிறது. அதனால் ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் இரு திசைக்கும் தனித்தனி நாக்குகள். பெரும்பாலான பொத்தான்களில் இரண்டும் வேறு வேறு ஸ்வரம். வழக்கமான டாங்கோப் பெட்டியில் பொத்தான் 71, ஸ்வரம் 142. கற்றுக்கொள்பவர் விரிப்பதற்கு ஒரு விசைப்பலகை, மூடுவதற்கு இன்னொன்று என்று மனப்பாடம் செய்ய வேண்டும். பாவம்.

அதனாலோ என்னவோ, டாங்கோ வாசிப்பவர்கள் பெரும்பாலும் விரிக்கும்போதே வாசிக்கிறார்கள். பெட்டியைத் தொடைமேல் வைத்து இரு முனைகளையும் கீழே சரியவிட்டால் புவியீர்ப்பும் கைகொடுக்கிறது. அழுத்தம் கூடக்கூட ஒலி வலுக்கிறது; சுருதியோ இம்மியளவு தாழ்கிறது. நாம் பேசுவது மூச்சை விடும்போது. இந்தப் பெட்டி மூச்சை இழுத்துக்கொண்டே பாடுகிறது. விம்மி அழும் குழந்தையைக் கவனித்திருந்தால் அந்த இழுப்பு உங்களுக்குப் பழக்கமானதுதான். என்னைக் கேட்டால் வாசகரின் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

அப்புறம் துருத்தி எல்லைக்கு வந்துவிடும். வாசிப்பவரின் வலது கட்டைவிரல் ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து, நாக்குகளைத் தொடாமல் காற்று மொத்தமும் ஒரே வீச்சில் வெளியேறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெருமூச்சாகவே கேட்கும். அந்த இடைவெளியில் பாடகரும் அடுத்த வரிக்கு மூச்சு எடுத்துக்கொள்ளலாம்.