சம்ப்பு: எங்கிருந்து வந்த சொல்லு, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

மதுரையில வீடு கட்டுறவங்க கொத்தனார்ட்ட மொதல்ல கேக்குறதே "அண்ணே, சம்ப்பு எங்க போடுறது"ன்னுதான். கார்ப்பரேஷன் தண்ணி தெனமும் வராது, வந்தாலும் மாடி டேங்க் வரைக்கும் ஏறுற ஃபோர்ஸ் இருக்காது, அதனால கேட்டுக்கு உள்ள, வண்டி நிறுத்துற எடத்துக்கு அடியில ஒரு தொட்டியக் கட்டி குழாய்த் தண்ணிய அதுல விட்டு அப்புறம் மோட்டார் போட்டு மேல ஏத்துறோம். நீளம் அகலம் ஆழம் எல்லாம் ஆறடின்னு வச்சா சுமார் 6,100 லிட்டர் புடிக்கும்.

சொல்லு இங்கிலீஷ் சொல்லுதான், சம்ப். அதுக்கும் முன்னாடி பழைய டச்சு, வட ஜெர்மன் பேச்சுல சதுப்பு நிலம்னு அர்த்தம், இன்னைக்கும் ஜெர்மன்காரங்க சதுப்பை "சும்ப்ஃப்"னுதான் சொல்றாங்க. அப்புறம் சுரங்கத்துல வேலை பாத்தவங்க, பாறையில கசியிற தண்ணி வந்து சேர்றதுக்குன்னு அடியில தோண்டி வைக்கிற குழிக்கு அந்தப் பேர வச்சாங்க, அங்கேர்ந்துதான் பம்ப் போட்டு வெளியேத்துவாங்க. கார் இன்ஜினுக்கு அடியில ஆயில் வந்து தங்குற பாத்திரத்துக்கும் அதே பேருதான். சிவனுக்கு சம்புன்னு ஒரு பேரு உண்டு, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கேக்குறவங்க இருக்காங்க அதனால சொல்றேன்.

தமிழ்ல என்ன சொல்றது? அரசாங்கப் போர்டுகள்ல "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி", "தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டி"ன்னு பாத்திருப்பீங்க, ரெண்டாவது ஊருக்கே தண்ணி விடுற பெரிய தொட்டி, நம்ம வீட்டு சம்ப்பு இல்ல. சிலர் "நிலத்தடி நீர்த்தொட்டி"ன்னு எழுதுறாய்ங்க, அது எனக்குப் பிடிக்கல, நிலத்தடி நீர்னா போர்வெல்ல வர்ற தண்ணி, படிக்கிறவனுக்கு எதோட எதைச் சேக்குறதுன்னு கொழம்பும். "நிலத்தடித் தொட்டி" போதும், சுருக்கமா இருக்கு, தப்பும் இல்ல.

கேணின்னு சொல்லக்கூடாதான்னா, கூடாது. கேணி தோண்டத் தோண்ட ஊறுறது, "தொட்டனைத் தூறும் மணற்கேணி"ன்னு குறள்ல வர்ற தொடுதலுக்கு தோண்டுறதுன்னுதான் அர்த்தம். பக்கத்துல கீழடியில எடுத்த சுடுமண் உறைகிணறும் அப்பிடி மண்ணுல இருந்து தண்ணி வாங்குறதுதான். நிலத்தடித் தொட்டிக்கு மண்ணோட ஒட்டும் ஒறவும் இருக்கவே கூடாது. அங்கதான் நம்ம ஊருல சிக்கல், ரெண்டு சென்ட் எடத்துல வீடு, முன்னாடி சம்ப்பு, அதுக்கு நாலஞ்சு அடி தள்ளி செப்டிக் டேங்க், இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரரோடது. செவுத்துல ஒரு முடி கனம் வெடிப்பு இருந்தாலும், தொட்டியில தண்ணி கம்மியா இருக்குறப்ப, மழைக்கு வெளிய ஊறிக் கெடக்குற மண்ணுல உள்ள தண்ணி உள்ளுக்குள்ள தள்ளும். கலரு மாறாது, நாத்தமும் ஒடனே வராது. குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு இந்திய தரநிர்ணயம் இருக்கு, கழிவு கலந்தா ஏறுற அளவுகள்ல அதுவும் ஒண்ணு, லேப்ல குடுத்துப் பாத்தாதான் தெரியும்.

இப்ப இன்னொரு சொல்லு, இதுதான் ஆளைக் கொல்லுற சொல்லு: விஷவாயு. பேப்பர்ல எந்தத் தொட்டியில யாரு செத்தாலும் "விஷவாயு தாக்கி பலி"ன்னுதான் போடுவாய்ங்க. செப்டிக் டேங்க்ல அது சரிதான், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அங்க உண்டு, அதுவும் அளவு கூடுனா மூக்கு மரத்து நாத்தமே தெரியாமப் போயிரும். ஆனா புதுசா கட்டுன சம்ப்புல சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்குறதுக்கு அடிச்ச பலகைய, பிரிக்க எறங்குற தம்பி சாகுறது எதனால? அங்க கழிவும் இல்ல, சாக்கடையும் இல்ல. மூடி போட்டு நாள்கணக்குல அடைச்சு வச்ச குழிக்குள்ள ஈரப் பலகை ஊறி, பூஞ்சை புடிச்சு, அது உள்ள இருக்குற ஆக்சிஜனத் தின்னுட்டு கரியமில வாயுவ விட்டுருக்கும். வெளிக்காத்துல ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், 19.5க்குக் கீழ எறங்குனாலே ஆபத்துன்னு கணக்கு, ரொம்பக் கொறைஞ்சு போச்சுன்னா ரெண்டு மூச்சுல மயக்கம், கத்தக்கூட நேரம் இருக்காது. "புதுத் தொட்டில எங்கய்யா விஷவாயு வரும்"னு ஆளு தைரியமா எறங்குறது இந்தப் பேரால தான். அப்புறம் மேல நிக்கிற ரெண்டாவது ஆளு தூக்க எறங்குவாரு, அவரும் விழுவாரு. இதுக்கு "காத்தில்லாக் குழி"ன்னு பேரு வச்சா பாதிப் பேரு யோசிப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

மெழுகுவத்தி ஏத்தி எறக்கிப் பாக்குற பழக்கம் கிணத்து வேலையில இருந்து வந்தது. எரிஞ்சாலும் காத்து நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, செப்டிக் பக்கம்னா மீத்தேன் புடிச்சு வெடிச்சிரும். கழுவுறப்ப ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேத்துப் போடுறாங்க பாருங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு, காத்தை விட கனம், அடியிலயே தங்கும், குனிஞ்சு தேய்க்கிறவரு மொகத்துக்கு நேரா. அங்க மட்டும் விஷவாயுங்கிற சொல்லு சம்ப்புக்கும் பொருந்தும்.

சட்டத்துலயும் இந்தப் பேர்க் கொழப்பம் இருக்கு. கையால கழிவு அள்ளுறதத் தடுக்குற 2013 சட்டத்துல அபாயகரமான சுத்தம்னு சொல்றது பாதாள சாக்கடையும் செப்டிக் டேங்க்கும்தான், சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அந்த வகைக்குத்தான். நல்ல தண்ணி சம்ப்புல சென்ட்ரிங் பிரிக்கிற ஆளு அந்த வரையறைக்குள்ள வரமாட்டாரு.

கட்டுறவங்களுக்கு ஒண்ணு, மூடி ரெண்டு வைக்கச் சொல்லுங்க, எதிரெதிர் மூலையில. பலகை பிரிக்கிறதுக்கு மொத நாளே ரெண்டையும் தொறந்து போட்டு, ஒண்ணு வழியா புளோயர் வச்சு காத்து அடிச்சா இன்னொண்ணு வழியா கெட்ட காத்து வெளிய வரும், எறங்குறவரு இடுப்புல கயிறு, மேல ஒரு ஆளு நகராம நிக்கணும். ஒரு மூடியே போதும்னு கொத்தனார் சொல்வாரு. கூட ஆகுறது இன்னொரு மூடி வெலைதான்.