வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆட்டோ கியர் வைத்த பிக்கப் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, பின்னால் கூண்டு கட்டி, படுக்கை, கேஸ் அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துவிட்டார். கேரவன் என்றாலே நமக்கு நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதான் ஞாபகம் வரும். இது அவரும் அவர் மனைவியும் ஊர் சுற்றுகிற கேரவன். கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு நாலைந்து தடவை போய்வந்த பிறகு வண்டியில் ஒரு கோளாறு. நாலுவழிச் சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம் வருகிறதாம். "டோல்கேட் நெருங்கும்போது ரோட்டில் வரிவரியாகப் பட்டை போட்டிருப்பார்களே, அதன் மேல் ஏறியது மாதிரி" என்று எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று விநாடிதான், அப்புறம் மறைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "கியர் ஆயில் லைஃப்டைம் சார், மாத்தவே வேண்டாம்" என்கிறார்கள். பக்கத்து மெக்கானிக்கோ, "பழைய ஆயில மாத்தினா கியர்பாக்ஸே போயிரும், தொடாதீங்க" என்கிறார். யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி.

இரண்டு பேருக்கும் பிறகு வருகிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நடுக்கம்தான். இவ்வளவு துல்லியமாக நோயைச் சொல்லும் நோயாளி கிடைப்பது அபூர்வம்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். கையால் மாற்றும் கியர் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் க்ளட்ச் இருக்கிறது. ஆட்டோ கியரில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிரே இரண்டு டேபிள் ஃபேனை வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றது தானாகச் சுற்றும் இல்லையா, அதுதான் சங்கதி. காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை இது. அதன் பின்னால் பல்சக்கரங்கள், அவற்றைப் பிடித்து விடும் சின்னச் சின்ன க்ளட்ச் அடுக்குகள், எல்லாவற்றுக்கும் எண்ணெயை அழுத்திக் கொடுக்கும் ஒரு பம்ப். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது எண்ணெய் வழியாகச் சக்தி வீணாகாமலிருக்க, இரண்டு ஃபேனையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்-அப் க்ளட்ச் என்று ஒன்றும் உண்டு. நம் ஆசிரியருக்கு நடுக்கம் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இத்தனை உறுப்புகளும் முங்கிக் கிடப்பது ஒரே எண்ணெயில். அதன் வேலைகளைப் பாருங்கள். பல்சக்கரங்களுக்கு நடுவே அது வழுக்க வேண்டும். அதே எண்ணெயில் நனைந்திருக்கும் க்ளட்ச் பிளேட்டுகளோ ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். ஒரே ஆளைக் காலையில் வழுக்குமரத்துக்கு எண்ணெய் தடவச் சொல்லி, மாலையில் அதே எண்ணெய்க் கையோடு மரம் ஏறவும் சொல்வது மாதிரி.

இன்னொரு ஆச்சரியம், அந்த பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது ஒருவகைக் காகிதம். உண்மையாகவே காகிதம்தான்: மரநாரைப் பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கியது. டன் கணக்கில் எடையுள்ள வண்டியை ஏற்றத்தில் இழுப்பது எண்ணெயில் ஊறிய காகிதம்.

சரி, நடுக்கத்துக்கு வருவோம். வீட்டில் பீரோவை நகர்த்தியிருப்பீர்கள். முதலில் அசையாது. முட்டித் தள்ளினால் சட்டென்று ஒரு அடி ஓடி நிற்கும். மறுபடி முட்ட வேண்டும். காரணம் பள்ளியில் படித்ததுதான்: நிற்கும் பொருளின் உராய்வு அதிகம், நகரும் பொருளின் உராய்வு குறைவு. ஒட்டுகிறது, விடுபட்டு வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இதுவே விநாடிக்குப் பல தடவை நடந்தால் கதவுக் கீல் 'க்ரீச்' என்று கத்தும், கரும்பலகையில் சாக்பீஸ் பல்லைக் கூசவைக்கும். வயலின்காரர்கள் இதையே கலையாக்கிவிட்டார்கள். வில்லுக்குப் பிசின் தடவுவதே தந்தி ஒட்டி ஒட்டி விடுபடட்டும் என்றுதான். பிசின் இல்லாத வில் தந்திமேல் சும்மா வழுக்கும், நாதம் வராது.

ஆட்டோ கியர் எண்ணெய் செய்ய வேண்டியது வயலின் பிசினுக்கு நேர் எதிரான வேலை. க்ளட்ச் பிடிக்க வேண்டும், ஆனால் 'வாசிக்க'க் கூடாது. அதற்காக எண்ணெயில் உராய்வைத் திருத்தும் வேதிப்பொருள்களைக் கொஞ்சமே கொஞ்சம் சேர்க்கிறார்கள். அவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலை உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், வால் எண்ணெய்க்குள் நிமிர்ந்து நிற்கும். சோழவந்தான் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்ததும் நாற்றங்காலைப் பார்த்திருக்கிறீர்களா? வேர் சேற்றில், தாள் மேலே, இடைவெளியில்லாமல் நெருக்கமாக. க்ளட்ச் பிளேட்டின் மேல் அப்படி ஒரு நாற்றங்கால் முளைக்கிறது, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில்.

பிளேட்டுகள் மிக மெதுவாக உரசும்போது இந்தப் படலம் கலையாமல் நடுவில் நிற்கிறது, அதனால் உராய்வு குறைவு. உரசும் வேகம் கூடினால் உராய்வும் கொஞ்சம் கூடுகிறது. பீரோ கதைக்குத் தலைகீழ்! இந்தத் தலைகீழ்தான் எல்லாவற்றையும் சாதிக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் வேகமெடுத்தால் கட்டையை அழுத்திக் கொடுப்பார், வேகம் குறைந்தால் இளக்கிவிடுவார். தேர் குலுங்காமல் ஒரே சீராக வரும். க்ளட்ச்சிலும் அப்படித்தான். பிளேட் ஒரு நொடி வேகமாக வழுக்கினால் உராய்வு கூடி இழுத்துப் பிடிக்கிறது. நிதானித்தால் உராய்வு விட்டுக்கொடுக்கிறது. சென்சாரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். கோடானுகோடி முட்டுக்கட்டைக்காரர்களை எண்ணெய்க்குள்ளேயே கரைத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்த மூலக்கூறுகள் சூட்டில் சிதைந்துபோனால்? முட்டுக்கட்டைக்காரர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பீரோ திரும்பி வந்துவிட்டது. லாக்-அப் க்ளட்ச் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு, வண்டி முழுக்க வயலின் வாசிக்கிறது. நம் ஆசிரியர் கேட்ட டோல்கேட் பட்டை அதுதான்.

இந்த முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஒரு கதை உண்டு. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் 'திமிங்கல உமிழ்நீர்' கடத்தியவர்கள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி படிக்கிறோம். உமிழ்நீர் அல்ல அது, குடலில் உருவாகும் மெழுகு, ஸ்பெர்ம் திமிங்கலத்தினுடையது. அதே திமிங்கலத்தின் எண்ணெய்தான் ஒரு காலத்தில் அமெரிக்கக் கார்களின் ஆட்டோ கியர் எண்ணெயில் உராய்வைத் திருத்தும் சரக்கு. 1970-களின் தொடக்கத்தில் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் வந்ததும் அது நின்றது. வேதியியலாளர்கள் அவசரமாக மாற்றுத் தேடினார்கள். முதலில் வந்த மாற்று எண்ணெய்களில் ஒன்று, கியர் எண்ணெயை ஆறவைக்கும் கூலரின் குழாய்களில் இருந்த ஈயப்பற்றை அரித்துவிட்டது, திரும்பவும் மாற்றினார்கள். பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெய் வேதியியலில் ஏறக்குறைய திமிங்கல எண்ணெய்க்குத் தம்பி என்பதால் அதன்மேல் ஆராய்ச்சி குவிந்தது.

ஆராய்ச்சி என்றதும் ஒரு புலம்பல். 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று அறிக்கை கொடுத்தது. 'ட்ரைபாலஜி' என்ற துறைப் பெயரே அந்த அறிக்கையோடுதான் புழக்கத்துக்கு வந்தது. நம் ஊரில் ராக்கெட் விட்டால் முதல் பக்கச் செய்தி, எண்ணெய்ப் படலத்தை அளக்கிறவருக்குக் கருவி வாங்கப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்பார்கள். மே மாத மதுரை வெயிலில் மலையேறும் வண்டியின் எண்ணெயைப் பற்றி நாம் ஆராயாமல் குளிர்நாட்டுக்காரர்களா வந்து ஆராய்வார்கள்?

சூட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். கூண்டும் சாமானும் சேர்த்து வண்டி 3 டன் என்று வையுங்கள். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச்சொச்சம் மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. மூன்று டன்னை 2,000 மீட்டர் தூக்க 16 யூனிட் கரண்டுக்குச் சமமான ஆற்றல் வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது லாக்-அப் பிடிக்காது. பத்தில் ஒரு பங்காவது டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெயைக் கலக்குவதிலேயே சூடாகப் போகிறது என்று வைத்தால் ஒன்றரை யூனிட். உள்ளே இருப்பது 9 லிட்டர் எண்ணெய். கூலர் மட்டும் இல்லையென்றால் அந்தச் சூடு எண்ணெயை 300 டிகிரிக்கும் மேல் ஏற்றிவிடும்! இந்த எண்ணெய் நிம்மதியாக இருப்பது 80, 90 டிகிரியில். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 90-க்குப் பதில் 120-ல் ஓடினால் எட்டில் ஒரு பங்கு ஆயுள்தான். அதனால் கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைக்காதீர்கள். அப்போது எஞ்சின் தருகிற சக்தி முழுவதும் எண்ணெயைத்தான் காய்ச்சுகிறது. பிரேக்கில் கால் வையுங்கள்.

லைஃப்டைம் விவகாரம் இப்போது விளங்கும். யாருடைய லைஃப்டைம்? சமவெளியில் ஆபீஸ் போய்வருகிற காருக்கு அந்த எண்ணெய் நெடுநாள் வரலாம். வீட்டையே முதுகில் சுமந்து மலை ஏறுகிற வண்டிக்கு வராது. வண்டிக் கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்று தனியாக ஒரு அட்டவணை இருந்தால் உங்களுடையது அதுதான். உலகத்துக்கே கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோ கியர்களில் அவ்வப்போது எண்ணெய் மாற்றச் சொல்கிறது.

பக்கத்து மெக்கானிக் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. காகிதம் முழுக்கத் தேய்ந்துபோன கியர்பாக்ஸில், உதிர்ந்த துகள்கள் மிதக்கும் பழைய எண்ணெய்தான் ஏதோ பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும். புது எண்ணெய் ஊற்றினால் வழுக்கத் தொடங்கிவிடும். ஆனால் கியர் விழாமல் போன பிறகுதான் நம்மவர்கள் எண்ணெய் மாற்றவே வருகிறார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், அதனால் போகாதே என்று சொல்கிற கதை இது. புது வண்டியைப் பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, பழத்தோடு போகிறது. இந்த 'தொடாதீங்க' நம்பிக்கைக்குத்தான் லட்ச ரூபாய்க்குக் குறையாமல் செலவாகும்.

ஆக, நடுக்கத்தோடு நிற்கும்போதே மாற்றிவிடுங்கள் ஐயா. கையேட்டில் போட்டிருக்கும் அதே தர எண் உள்ள எண்ணெய்தான். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று எழுதிய டப்பா வேண்டாம். உங்கள் கியர்பாக்ஸின் காகிதத்துக்குத் தோதான முட்டுக்கட்டைக்காரர்கள் வேண்டும். அடியில் எண்ணெய் வடிக்கும் நட்டைக் கழற்றினால் பாதிதான் வடியும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் நின்றுகொள்ளும். உப்புக் கூடிய ரசத்தில் பாதியைக் கொட்டிவிட்டு வெறும் ரசம் ஊற்றுவது போலத்தான்: ஒரு தடவையில் பாதி புதுசு, சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இரண்டாம் தடவை முக்கால், மூன்றாவதில் எட்டில் ஏழு. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் (சம்ப்) கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். விபூதி குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. கையில் குத்தும் உலோகச் சில்லு இருந்தால் எண்ணெயால் தீராது.

நிறம் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். புதிதில் இந்த எண்ணெய் பெரும்பாலும் செக்கச்செவேல் என்றிருக்கும். எஞ்சின் ஆயிலோடு குழம்பாமலிருக்கக் கலந்த சாயம் அது. பழுப்பாகிவிட்டது என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். கருகிய வாடையும் சேர்ந்தால்தான் கவலை. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் கூலருக்குள் கசிந்து கலந்துவிட்டது என்று அர்த்தம். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் என்னாகும் என்று ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். எஞ்சின் ஆயிலை எஞ்சினை நிறுத்திப் பார்ப்போம். இதைப் பெரும்பாலான வண்டிகளில் சமதரையில், சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டால் மேலே ஏறிய எண்ணெய் வடிந்து கீழே வந்து பொய்க் கணக்குக் காட்டும். 9 லிட்டர் எண்ணெய் 60 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 400 மி.லி. விரியும், அதனால் குளிரில் பார்த்து நிரப்பினால் அளவு மீறிவிடும். சில புது வண்டிகளில் அளவு பார்க்கும் குச்சியே (டிப்ஸ்டிக்) கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் எண்ணெயின் வெப்பநிலை பார்த்துப் பக்கவாட்டு நட்டைத் திறந்துதான் அளக்க முடியும். அதை நீங்களே செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த 100 லிட்டர் தொட்டி. அதை வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது 100 கிலோ, மலை உச்சிக்குத் தூக்க அரை யூனிட்டுக்கு மேல். கொடைக்கானலில் தண்ணீர் கிடைக்கும், மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.