தூய நீர்ச் சட்டமும் சுரங்கக் கழிவும்: இறுதி முடிவு யார் கையில்?

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972 அக்டோபரில், அதிபர் நிக்சன் அதனை மறுத்துத் திருப்பி அனுப்பிய பிறகும், இரு அவைகளிலும் மீண்டும் வாக்களித்து நிறைவேற்றப்பட்டது. அனுமதி பெறாமல் குழாய், வாய்க்கால் போன்றவற்றின் வழியே ஆற்றிலோ ஏரியிலோ கழிவை விடக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தச் சட்டத்தையே நீக்க வேண்டுமென்று நேரடியாகச் சொல்லும் மசோதா வருவது அரிது. எது கழிவு என்பதற்கான வரையறையையோ, அனுமதியை மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையோ மாற்றினாலே சுரங்கங்களுக்கு வழி திறந்துவிடும். இத்தகைய தளர்வுகளை எதிர்ப்போர் கவனிப்பதும் அதைத்தான்.

சட்டத்தில் இரண்டு வகை அனுமதிகள் உள்ளன. 402ஆம் பிரிவின் கீழ், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ அதனிடம் பொறுப்பேற்ற மாநிலமோ, கழிவுநீரில் எந்த மாசு எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதிக்கிறது. 404ஆம் பிரிவு, மண்ணும் கல்லும் கொட்டி நீர்நிலையைத் தூர்ப்பதற்கானது. அந்த அனுமதியை ராணுவப் பொறியாளர் படை வழங்குகிறது. கழிவை ஒழிப்பதற்காகவே கொட்டப்படுவது 'நிரப்புப் பொருள்' ஆகாது என்று அந்தப் படையின் விதி முன்பு கூறிவந்தது. 2002 மே மாதம் அந்த விலக்கு நீக்கப்பட்டு, நீர்நிலையின் அடித்தளத்தை உயர்த்தும் சுரங்க மண்ணும் கல்லும் நிரப்புப் பொருளாகவே ஏற்கப்பட்டன. அப்பலாச்சிய மலைகளில் உச்சியை வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி எடுப்போர், மிச்சத்தைக் கீழே உள்ள பள்ளத்தாக்குகளில் தள்ளுகிறார்கள். இவ்வாறு ஏறக்குறைய 2,000 மைல் நீளத்துக்குத் தலையோடைகள் (ஆறுகள் தொடங்கும் சிற்றோடைகள்) புதைந்துள்ளதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே மதிப்பிட்டுள்ளது. புதைந்த ஓடையோடு கேடு முடிவதில்லை: கொட்டிய பாறையின் ஊடே கசியும் நீர் செலினியத்தையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு கீழுள்ள ஆறுகளில் சேர்கிறது. 2009இல் அலாஸ்காவின் கென்சிங்டன் தங்கச் சுரங்கத்தின் கழிவுக் குழம்பை ஒரு சிறு ஏரியில் கொட்டுவதையும் 'நிரப்புதல்' என்றே உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஏற்றது.

இத்தகைய அனுமதியைத் தடுக்க முகமைக்கு உள்ள அதிகாரமும் அதே 404ஆம் பிரிவில்தான் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்புரூஸ் முதலாம் எண் சுரங்கத்துக்கு 2007இல் தரப்பட்ட அனுமதியின் பெரும்பகுதியை, 2011 ஜனவரியில் முகமை இந்த அதிகாரத்தைக் கொண்டு செல்லாததாக்கியது. அனுமதி தந்து நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெறுவது நியாயமா என்று நிறுவனம் கேட்டதில் பொருளில்லாமல் இல்லை. ஆனாலும் சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

2011 ஜூலையில் மக்கள் பிரதிநிதிகள் சபை 239-184 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய மசோதா, தந்த அனுமதியைப் பின்னர் திரும்பப் பெறும் அந்தக் குறையை மட்டும் சரிசெய்வதாக இல்லை. மாநிலம் இசையாவிட்டால் முகமை அனுமதியைத் தடுக்க முடியாது, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாநில நீர்த்தர விதிகளையும் மாநிலத்தின் இசைவின்றித் திருத்த முடியாது என்று அது கூறியது. தங்கள் நீரைத் தாங்களே நன்கு அறிவோம் என்பது மாநிலங்களின் வாதம். சுரங்க வருவாயை நம்பியிருக்கும் மாநிலம் தளர்த்தும் விதியின் விளைவை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள அடுத்த மாநிலம் அல்லவா அனுபவிக்கும்? ஐம்பது ஆண்டுகளில் 14 முறை மட்டுமே பயன்படுத்தப்பட்ட ஓர் அதிகாரத்தை முடக்க இத்தனை முனைப்பு ஏன் என்பதும் கேட்கத்தக்கதே. அந்த மசோதா செனட்டில் நிறைவேறவில்லை.

செனட்டில் சாதாரண மசோதா மீதான விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவைப்படுவதால், எதிர்ப்போருக்கு அவகாசம் கிடைக்கிறது. அரசு முகமைகள் புதிதாக வெளியிட்ட விதிகளை நாடாளுமன்றம் ரத்துசெய்யும் தீர்மானத்துக்கு அந்தத் தடை கிடையாது. நிலக்கரிச் சுரங்கங்களால் ஓடைகள் கெடுவதைத் தடுக்க 2016 டிசம்பரில் வெளியான நீரோடைப் பாதுகாப்பு விதி, 2017 பிப்ரவரியிலேயே இப்படிச் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கப்பட்டது. அதை ஒத்த விதியைப் புதிய சட்டமின்றி மீண்டும் கொண்டுவரவும் இயலாது.

குடிமக்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. 404ஆம் பிரிவின் கீழ்த் தனித்தனியாகக் கோரப்படும் அனுமதிகளுக்கு முன்னறிவிப்பு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அனுமதி வரம்பை மீறும் சுரங்கத்தின் மீது, 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து 505ஆம் பிரிவின் கீழ் எவரேனும் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம். ஆனால் அந்த வழக்கு வரம்பு மீறலைப் பற்றியது மட்டுமே. வரம்பே தளர்த்தப்பட்ட பின், முன்பு மீறலாக இருந்த கழிவு அனுமதிக்கு உட்பட்டதாகிவிடும்.