லட்சம் லூமென் டார்ச் எதற்கு?

சென்னை எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தை வைத்து, இருட்டில் டார்ச் ஒளியால் வரைந்து படமெடுக்கச் சிலருக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி புது டார்ச்சை எடுத்தார். முழங்கை நீளம், பெட்டியில் ஒரு லட்சம் லூமென் (டார்ச் தரும் வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. கேமரா ட்ரைபாடில் இருக்க, 30 வினாடி எக்ஸ்போஷரில் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) ஒரே ஒரு முறை வீசினார். படத்தில் சுவர் சுண்ணாம்புக் கட்டியாக வந்தது. விரிசல், கறை எதுவும் மிஞ்சவில்லை.

ஒளியால் வரையும்போது டார்ச்தான் தூரிகை. சுவரை நிதானமாகத் தடவ நேரம் வேண்டும். பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு 100, 200 லூமென் தாராளம். பூச்சாடி மாதிரி சின்னப் பொருளுக்கு 10 லூமெனே அதிகம். பாதி தூரம் கிட்டே போனால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கடையில் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அப்புறம் சுவிட்ச். நான் சூடுபட்டது இதில்தான். ஒரு திருமண ஜோடியை அசையாமல் நிற்கவைத்து, பின்னால் நின்று காற்றில் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். (கேமராவைப் பார்த்து எழுதினால் எழுத்து இடம்வலம் மாறும், படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம்.) எழுத்துக்கு எழுத்து அணைத்து அணைத்துப் போட்டதில், கடைசி எழுத்தில் டார்ச் தானாக ஸ்ட்ரோபுக்குப் போய்ப் பளிச் பளிச்சென்று வெட்டியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஹை, லோ, ஸ்ட்ரோப் என்று சுற்றும் டார்ச் இந்த வேலைக்கு ஆகாது. அழுத்தினால் எரிந்து, விரலை எடுத்தால் அணைய வேண்டும்.

பல எல்இடி டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது. காற்றில் கோடு போட்டால் புள்ளிப் புள்ளியாக விழும். அரை வினாடி எக்ஸ்போஷர் வைத்து, லோவில் டார்ச்சை ஒரு வீசு வீசிப் படமெடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். சுவரை மட்டும் தடவுகிறவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம்.

ஜூம் டார்ச்சை முழுக்க இழுத்தால் எல்இடியின் சதுரமே சுவரில் விழும். டார்ச்சின் முகப்பில் பட்டர் பேப்பரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒளி மெத்தென்று பரவும். நிறத்தைப் பொறுத்தவரை, 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) நீலவெள்ளை பழைய செங்கலைப் பிணம்போல் காட்டும்; 4000 கெல்வினை ஒட்டி வாங்குங்கள்.

பேட்டரியில்தான் உண்மையான ஆபத்து. 18650 எனும் உருளை லித்தியம் செல்லில் 9900 எம்ஏஹெச் (செல் தாங்கும் மின்சார அளவு) என்று அச்சடித்திருந்தால் பொய். நல்ல செல்லே 3500 சுற்றுவட்டாரம்தான், எடையும் 45 கிராமுக்குக் குறையாது. கையில் இலேசாக இருந்தால் வாங்காதீர்கள். மேலுறை கிழிந்த செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) முட்டையிட ஏறும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தையே கடல் என்று நம்பி நகரும். கடல் ஆமைகளைப் பாதுகாக்கும் மாணவர் அமைப்பினர் 1988 முதல் அங்கே இரவில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். நாம் அதே மணலில் டார்ச்சை வீசி விளையாடினால் எப்படி? ஜனவரி பிறந்துவிட்டால் கடைசிக் குஞ்சு கடலுக்குப் போகும்வரை என் வகுப்பு மொட்டைமாடியில்தான். துணி காயப்போடும் கொடியும் தண்ணீர்த் தொட்டியும் வரைவதற்குப் போதும்.