சர்வர் எழுந்துவிட்டது, மெயில் போய்ச் சேரவில்லை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். சனிக்கிழமை இரவு அவர்களின் மெயில் சர்வர் டிஸ்க் போனது. ஹோஸ்டிங்காரர்கள் புது மெஷின் கொடுத்து, பேக்கப்பிலிருந்து எல்லாப் பெட்டிகளையும் மீட்டு, திங்கள் காலை ஓடவிட்டார்கள். உள்ளே வர வேண்டிய மெயில்களும் பெரும்பாலும் வந்துவிட்டன. நம் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்புகிறவரின் சர்வர் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும் என்பதால் இதில் பெரிய இழப்பில்லை.

புதன்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு. "சார், பையருக்கு இன்வாய்ஸ் போகவே இல்லையாம். நம்ம லாக்ல சென்ட்னுதான் இருக்கு."

லாக்கில், அதாவது சர்வரின் நடவடிக்கைப் பதிவில், வரும் 250 என்ற பதிலுக்கு, எதிர்முனை சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். இன்பாக்ஸில் வைத்ததா, ஸ்பேமில் தள்ளியதா என்பதை அது சொல்லாது. அதனால் நான் எப்போதும் முதலில் செய்வது, ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' திறந்து பார்ப்பதுதான். மெயில் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள் மூன்றுக்கும் என்ன முடிவு என்று மேலேயே இருக்கும். அன்று ஒன்றுகூட பாஸ் ஆகவில்லை.

எஸ்பிஎஃப் என்பது, நம் பெயரில் எந்த ஐபிகள் (சர்வர் முகவரிகள்) மெயில் அனுப்பலாம் என்று எழுதிவைக்கும் வரி. அதன் சிக்கல் எளிது. புது ஐபியைச் சேர்க்க வந்தவர், பழைய வரியைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் பதிவு போட்டிருந்தார். ஒரு டொமைனுக்கு இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியாக்கினேன்.

டிகிம், அதாவது மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்துதான் வலித்தது. ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்துப் போடும் பிரைவேட் கீ பழைய டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. பேக்கப்பில் பெட்டிகள் இருந்தன, கீ இல்லை. நான் பார்க்கும் பல இடங்களில் இதே கதைதான். புது சர்வர் தானாக ஒரு புதுக் கீ உண்டாக்கி, எந்தக் கீயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பழைய செலக்டர் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் இருந்ததோ, கையெழுத்தைச் சரிபார்க்கும் பழைய பப்ளிக் கீ. பூட்டும் சாவியும் வேறு வேறு.

இந்த நிலையில் பழைய பதிவை மாற்றி எழுதாதீர்கள். புது செலக்டர் பெயரில் புதுப் பதிவு போடுங்கள். ஒரு பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்தான் டிடிஎல். அவர்கள் டிடிஎல் 86400 நொடி, அதாவது ஒரு முழு நாள். பழைய பெயரிலேயே மாற்றியிருந்தால், பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு நாள் தோல்வி தொடர்ந்திருக்கும். டிஎன்எஸ் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான்; 2048 பிட் கீ ஒரே துண்டில் அடங்காது. சில டிஎன்எஸ் பேனல்கள் வாலை வெட்டிவிடும். போட்ட பிறகு முழுசாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் பதிவு. அது உங்கள் டொமைன் பேனலில் இருக்காது. ஐபியைக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதைச் சிறிய அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கிறது. புது ஐபி ஏற்கெனவே தடைப்பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதை வாங்கும்போதே பாருங்கள். இப்படித் தடைப்பட்டியல் வைத்திருக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு, அதிலிருந்து நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலாளி பதற்றத்தில் கேட்டது இது: "டிமார்க்கை எடுத்துட்டா போயிடுமில்ல?" எஸ்பிஎஃப்பும் டிகிமும் தோற்றால் மெயிலை என்ன செய்வது என்று எதிர்முனைக்குச் சொல்வது டிமார்க். அதில் அவர்கள் கொள்கை குவாரன்டீன், அதாவது சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கு. அதனால்தான் மெயில்கள் சத்தமில்லாமல் ஸ்பேமுக்குப் போயின. ஆனாலும் நான் எடுக்கவில்லை. ஏற்றுமதித் தொழிலில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி, உங்கள் பெயரிலேயே பையருக்குப் போலி இன்வாய்ஸ் அனுப்புவார்கள். அதற்கு முன் நிற்கும் கதவு அது. கதவு சரியாக மூடவில்லை என்றால் கீலைச் சரிசெய்ய வேண்டும், கதவைக் கழற்றக் கூடாது. அந்த மூன்று நாளில் ஊழியர்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து இன்வாய்ஸ் அனுப்பியதும் எனக்குப் பயமாக இருந்தது. நாளை ஒரு திருடன் அப்படி அனுப்பினால் பையர் எப்படிச் சந்தேகப்படுவார்?

அடுத்தது கியூ, அதாவது வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை. நாலாயிரத்துச் சொச்சம் மெயில் தேங்கிக் கிடந்தது. மூன்றும் பாஸ் ஆகும்வரை ஒன்றையும் விடவில்லை. காலாவதியான நினைவூட்டல்களை அழித்தோம். மீதியில், வழக்கமாகப் பதில் எழுதுகிறவர்களுக்கு முதலில், மணிக்குக் கொஞ்சமாக விட்டோம். அறிமுகமில்லாத ஐபி திடீரென்று கொட்டினால் எந்தப் பெரிய மெயில் நிறுவனமும் சந்தேகப்படும். 421 (இப்போதைக்கு வாங்க முடியாது) வந்தால் வேகத்தைக் குறைத்துக் காத்திருங்கள். 550 (ஏற்கவே முடியாது) வந்தால் நிறுத்திவிட்டு, கூடவே வரும் வரியை முழுதாகப் படியுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் தானாக ஐந்து நாள்தான் கியூவில் வைத்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தக் காலவரம்பை நான் முதல் வேலையாகக் கூட்டிவிட்டேன்.

புதுக் கீயைக் குறியாக்கம் செய்து பேக்கப்பில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை பையரிடமிருந்து பதில் வந்தது.

அடுத்த வாரம், பெரிய மெயில் நிறுவனங்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தபோது, யாருக்கும் நினைவில்லாத ஓர் ஐபி இவர்கள் பெயரில் அனுப்பித் தோற்றுக்கொண்டிருந்தது. தேடினால் சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள். டிஸ்க் போவதற்கு முன்பிருந்தே அந்தச் சீட்டுகள் ஊழியர்களின் ஸ்பேமில்தான் விழுந்திருக்கின்றன. அதற்கும் அன்று மாலையே ஒரு செலக்டர் போட்டோம்.