கொள்ளை போன கப்பலில் யார் இருந்தார்கள்?

பள்ளி ஆண்டுவிழா நெருங்கினால் போதும், மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் கட்டபொம்மன் மீசைக்கும் ஔவையார் நரைமுடிக்கும் நடுவே மண்டையோடு போட்ட கறுப்புத் தொப்பியும் ஒற்றைக்கண் பட்டையும் தொங்க ஆரம்பித்துவிடும். பிறந்தநாள் கேக், பென்சில் பெட்டி, டிஷர்ட் என்று எங்கும் கடற்கொள்ளையர்தான். நான்கு வயதுப் பிள்ளை அதை மாட்டிக்கொண்டு அட்டைக் கத்தியைச் சுழற்றினால் நானும் கைதட்டுவேன். ஆனால் எட்டு, ஒன்பது வயதுக்கு மேலும் அந்தத் தொப்பியோடு நிறுத்திவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் மதுரையில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை. கடற்கொள்ளையரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது உண்மையில் நடந்ததையே சொல்லலாம்; அதை அவர்கள் தாங்குவார்கள், ரசிக்கவும் செய்வார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடக்கூடாது: கொள்ளை போன கப்பலில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாருமே கொள்ளையடித்த பக்கத்து ஆட்கள். பறிகொடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் நம் கைக்கு வரவில்லை. பிள்ளைகளோ பெயர் உள்ளவன் பக்கம்தான் சாய்வார்கள்.

கரீபியன் கடலுக்குப் போகும் முன் வீட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, இந்தியாவுக்கு வரும் கடல்வழியை எழுதும்போது, சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் இறங்குவது நல்லதல்ல, பக்கத்திலேயே கொள்ளையர் இருக்கிறார்கள் என்கிறார். வணிகக் கப்பல்களில் வில்வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்ததையும் குறிப்பிடுகிறார். அடுத்த சில வரிகளிலேயே, வேறொரு துறைமுகத்துக்கு வெகுதூரம் உள்ளே மதுரை என்ற ஊரில் பாண்டியன் ஆண்டதாக வருகிறது. நம் ஊர்ப் பெயரும் கடற்கொள்ளையரும் ஒரே பத்தியில்! இதைச் சொன்னதும் கடைசி பெஞ்ச் வரை நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து மார்க்கோ போலோ. பாண்டியநாட்டு முத்துக்குளிப்பை விவரமாக எழுதிய அதே ஆள்தான், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குக் கரைக் கொள்ளையரைப் பற்றியும் எழுதுகிறார். மலபார், குஜராத் கரைகளில் இருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் கிளம்புமாம். பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோடை முழுக்கக் கடலிலேயே இருப்பார்களாம். இருபது, முப்பது கப்பல்கள் ஒன்றுக்கொன்று ஐந்தாறு மைல் விட்டு வரிசையாக நின்று, ஏறத்தாழ நூறு மைல் கடலை மறித்துவிடும். வணிகக் கப்பல் ஒன்று கண்ணில் பட்டால் நெருப்போ புகையோ காட்டி மற்றவர்களுக்குச் சேதி சொல்வார்கள். இதை நான் கரும்பலகையில் படமாகவே போட்டுவிடுவேன். இருபது புள்ளி, நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளிக்குள் இருப்பவர் இப்போது என்ன செய்வார் என்று கேட்டால் வகுப்பு பற்றிக்கொள்ளும்.

அவர் செய்த காரியம் ஒன்றையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும் விலையுயர்ந்த முத்தையும் கல்லையும் விழுங்கிவிடுவார்களாம் வணிகர்கள். குஜராத்துக் கொள்ளையருக்கு இது தெரியும். கடல்நீரில் புளியைக் கரைத்துக் குடிக்க வைத்து, வயிற்றில் இருப்பதை எல்லாம் வெளியே வரவழைத்துவிடுவார்கள். “டீச்சர், நம்ம வீட்டுப் புளியா?” என்று ஒரு பையன் கேட்டான். அதே புளிதான். சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வியைப் போடுவேன்: உயிர் போகிற நேரத்தில் ஒருவர் எதற்காக முத்தை விழுங்க வேண்டும்? மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததாக இருக்கலாம், கடன் வாங்கிப் போட்ட முதலாக இருக்கலாம் என்று பிள்ளைகளே சொல்ல ஆரம்பிப்பார்கள். புள்ளிக்குள் இருந்தவர் அப்போது ஒரு மனிதராகிவிடுகிறார்.

இதற்குப் பிறகு கரீபியன் கடலுக்குப் போகலாம். கையும் காலும் கட்டிப் பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது, புதையலைப் புதைத்துப் பெருக்கல் குறி போட்ட வரைபடம் வரைவது எல்லாம் பெரும்பாலும் கதைக்காரர்கள் சேர்த்தவை. கொள்ளையில் கிடைத்தது சர்க்கரை, துணி, கயிறு, பாய்மரத் துணி, சாப்பாட்டுச் சாமான் போன்றவைதான் அதிகம். கறுந்தாடி என்று பேர்பெற்ற எட்வர்ட் டீச், 1718 மே மாதம் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து, ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப் பெட்டி. தங்கம் கேட்டிருப்பான் என்று எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு நோய்தான் முதல் எதிரி என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் அவனுடைய கப்பலைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடிக்காதீர்கள். பொம்மையாக, படமாக, புதிர்ப்பலகையாக எல்லாம் விற்கிற ‘குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்’, அதற்கு முன் ‘லா கான்கார்ட்’ என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல். 1717 நவம்பரில் டீச் அதைப் பிடித்தபோது, ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். கப்பலை எடுத்துக்கொண்டான். அந்த மக்களில் பெரும்பாலோரை ஒரு தீவில் பிரெஞ்சு மாலுமிகளிடமே விட்டுவிட்டான். மாலுமிகள் அவர்களை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கொள்ளையர் வந்ததால் அவர்களுக்கு விடுதலை கிடைத்ததா என்று எல்லா ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும். கிடைக்கவில்லை என்பதுதான் பதில். அதை மழுப்பாமல் சொல்லுங்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது புரியும், கோபமும் வரும். வரட்டும்.

கொள்ளையர் ஏன் கொள்ளையர் ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வணிகக் கப்பலிலும் போர்க்கப்பலிலும் மாலுமிக்குச் சவுக்கடி உண்டு, சம்பளம் சரியாக வராது. ஆங்கிலேய மாலுமி ஹென்றி எவரி 1694இல் ஸ்பெயின் துறைமுகத்தில் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றியதற்குக் காரணமே சம்பளப் பாக்கிதான். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற இன்னொரு கொள்ளைத் தலைவன் கப்பலில் எழுதி வைத்த விதிகளின்படி ஆளுக்கொரு ஓட்டு. இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைக்க வேண்டும். காசு வைத்துச் சூதாடக் கூடாது. சண்டையில் கை கால் போனால் இழப்பீடு. பிள்ளைகள் இதைக் கேட்டு அசந்துபோவார்கள். அசரட்டும். உள்ளுக்குள் அவ்வளவு நியாயம் பார்த்தவர்கள் வெளியே நடந்துகொண்ட விதத்தையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

அதற்கு எவரியின் கதையே போதும். 1695இல் அவன் பிடித்த ‘கஞ்ச்-இ-சவாய்’ ஔரங்கசீப்பின் கப்பல். மெக்கா யாத்திரை முடித்துச் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தார்கள், பெண்களும் உண்டு. நாள்கணக்கில் சித்திரவதை நடந்தது. சேதி ஊருக்கு எட்டியதும் சூரத்தில் இருந்த ஆங்கிலேய வணிகர்களைப் பிடித்து அடைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிழைப்பே ஆட்டம் கண்டது. எவரியின் ஆட்களில் ஐந்து பேர் 1696இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். எவரி கடைசிவரை அகப்படவில்லை.

அந்தக் கப்பலில் பெண்களுக்கு நேர்ந்ததைச் சின்னப் பிள்ளைகளிடம் விவரிக்க வேண்டியதில்லை. “ரொம்பக் கொடுமைப்படுத்தினார்கள், சிலர் உயிரையே விட்டார்கள்” என்ற அளவில் நிறுத்தலாம். ஆனால் “பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்” என்று சொல்லிவைக்காதீர்கள். பதினான்கு வயதில் அந்தப் பிள்ளை தானாகப் படித்துத் தெரிந்துகொள்ளும். அப்போது நாம் சொன்ன மற்றதையும் நம்பாது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கலான ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற சாலையில் மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை வரும். 1538இல் அங்கே முஸ்லிம் கடலோடிகளான பட்டு மரைக்காயரும் குஞ்ஞாலி மரைக்காயரும் நடத்திவந்த கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் தாக்கி முறியடித்தார்கள். போர்ச்சுகீசியர் கணக்கில் மரைக்காயர்கள் கடற்கொள்ளையர். மரைக்காயர் பக்கம் நின்று பார்த்தால், காலங்காலமாகக் கப்பலோட்டிய கடலுக்குள் வந்து, தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலை எல்லாம் பறித்துக்கொண்ட போர்ச்சுகீசியர்தான் கொள்ளையர். முத்துக்குளித்த பரதவர்களுக்கோ அதே போர்ச்சுகீசியர் அடைக்கலம் கொடுத்தவர்கள். மூன்று பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் வகுப்புகளில் இந்த மூன்று கதையோடும் உறவுள்ள வீட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். இதை மதச் சண்டையாகச் சுருக்கிச் சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து காட்டாதீர்கள். மிளகும் முத்தும் துறைமுக வரியும் யார் கைக்குப் போவது என்பதுதான் அங்கே வழக்கு. ராமேஸ்வரம் போகும்போது வேதாளையில் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி, கடலைக் காட்டி இதைச் சொல்லுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக நிற்கும்.

“இப்பவும் இருக்காங்களா டீச்சர்?” என்ற கேள்வி தப்பாமல் வரும். இருக்கிறார்கள். 1991இல் சோமாலியாவில் அரசாங்கம் சரிந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து அந்தக் கடலில் மீனை வாரிக்கொண்டு போயின. பிழைப்பு போன கரையில் துப்பாக்கிக்காரர்களும் பணம் போட்டவர்களும் சேர்ந்து கப்பலோடு ஆட்களைப் பிடித்துவைத்துப் பணம் பறிக்கும் தொழிலை வளர்த்தார்கள். 2010இல் பிடிபட்ட ‘அஸ்பால்ட் வெஞ்சர்’ கப்பலுக்குப் பிணைப்பணம் கொடுத்த பிறகும் ஏழு இந்திய மாலுமிகளை விடவில்லை. அவர்கள் வெளியே வந்தது 2014 அக்டோபரில். 2024 மார்ச்சில் ‘ருவன்’ கப்பலை மீட்ட நம் கடற்படை 35 கொள்ளையரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது. 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள். கொள்ளையருக்கு எதிராகக் காவலுக்குப் போன கப்பல் ஒன்றின் வழக்கு மதுரைக்கே வந்தது. ‘சீமேன் கார்ட் ஓகியோ’ 2013இல் ஆயுதங்களோடு தூத்துக்குடி அருகே பிடிபட்டு, அதில் இருந்த 35 பேருக்கு ஐந்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுதலை செய்தது. ஒத்தக்கடைப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடந்துவரும் கட்டடம் அது.

நம் பக்கத்தில் கப்பல் வேலைக்குப் போனவர் உறவுமுறையில் ஒருவராவது இருப்பார். அந்த மாமாவோ சித்தப்பாவோ லீவில் வந்திருக்கும்போது பிள்ளைகளோடு உட்காரவையுங்கள். ஏடன் வளைகுடா வழியாகப் போகும்போது கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டுவது, தண்ணீர்க் குழாய்களைத் தயாராக வைப்பது, ராத்திரி முழுக்க முறைபோட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பது, கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லாரும் உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ள இரும்புக் கதவு போட்ட அறை ஒன்றை ஒதுக்கி வைப்பது எல்லாம் அவர் சொன்னால்தான் சரியாக இருக்கும். அந்த அறைக்குள் சாப்பாடு இருக்குமா, போன் எடுக்குமா, பயமாக இருந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். குறுக்கே பேசாமல், அவரே பதில் சொல்ல விடுங்கள்.