பட்டன் தேயவில்லை, டயர் போய்விட்டது

சைக்கிள் டயருக்கு ஒரு நல்ல சாவு உண்டு. ஓடி ஓடி நடுப்பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, தேய்ந்து, மொட்டையாகி, கடைசியில் நூல் எட்டிப் பார்க்கும்போது கழற்றிப் போடுவது. பழுது பார்க்கும் என் வேலையில், விலை குறைந்த டயர்கள் அப்படிச் சாவதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பட்டன் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் வெடித்திருக்கும், ஓரக் கம்பி பிய்ந்து வந்திருக்கும், இல்லாவிட்டால் ஓரிடத்தில் முட்டை மாதிரி வீங்கியிருக்கும். கொண்டு வருகிறவர் பட்டனைத் தடவிக் காட்டி, "பாருங்கண்ணே, இன்னும் தேயவே இல்ல, டியூப் மட்டும் மாத்திக் குடுங்க" என்பார். டயரை வாங்கிய அன்றும் அவர் அந்தப் பட்டனைத்தான் பார்த்திருப்பார்.

காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது பட்டன் கிடையாது, உள்ளே இருக்கும் நூல். டயரின் இரண்டு ஓரத்திலும் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்கு நைலான் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகின்றன. கம்பி டயரை ரிம்மில் பிடித்து வைக்கிறது. நூல் டியூபை அடக்கி வைக்கிறது. இந்த நூலை மூடிக் காப்பதும் தரையைப் பிடிப்பதும்தான் ரப்பரின் வேலை. செலவைக் குறைக்க நினைக்கிற தயாரிப்பாளர் நூலிலும் கம்பியிலும் ரப்பர் கலவையிலும்தான் கை வைப்பார். பட்டனைத் தொட மாட்டார், விற்றுக் கொடுப்பதே அதுதானே.

முரட்டுப் பட்டன் இருந்தால் ஈரத்தில் வழுக்காது என்று பலர் நம்புகிறார்கள். காருக்கு அது சரி. சைக்கிள் டயர் ஒடுக்கமானது, உருண்டையானது, காற்றழுத்தமும் அதிகம். தண்ணீரைத் தானே பிதுக்கித் தள்ளிவிடும். தார்ச் சாலையில் பெரிய பட்டன்கள் நெளியும், சத்தம் போடும், மிதிப்பது கனமாகும். மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிறவருக்குத்தான் அவற்றால் உபயோகம். கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல வெயிட்டா இருக்கு" என்று திருப்திப்படுவதும் இதே ரகம்தான். சுண்ணாம்புத் தூளையும் களிமண்ணையும் கூடுதலாகக் கலந்தால் ரப்பரின் எடை ஏறும், உழைப்பு இறங்கும்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். அடிப்படை இன்றும் அதேதான். அச்சில் வேகும் நேரம் குறைந்தால் ரப்பர் பதமில்லாமல் சீக்கிரம் தேயும்; கூடினால் விறைத்துப் போகும். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் சேரும் கார்பன் கரி. தேய்மானத்தைத் தாங்கும் வலுவைக் கொடுப்பதோடு வெயிலையும் அது தடுக்கிறது. கலர் டயர் செய்கிறவர்கள் கரிக்குப் பதிலாக சிலிக்கா சேர்க்க வேண்டும். அதையும் மிச்சம் பிடித்த சிவப்பு, நீல டயர்கள் குழந்தைகள் சைக்கிளில் வருவதுண்டு. குழந்தை அடுத்த அளவு சைக்கிளுக்கு மாறும் முன்பே அவற்றில் கோடு கோடாக வெடிப்பு விழுந்துவிடும்.

வெடிப்புக்கு வெயில் மட்டும் காரணமில்லை. காற்றில் கலந்திருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைக் கீறிவிடும். அதைத் தடுக்க ஒரு வகை மெழுகும் சில ரசாயனங்களும் கலவையில் சேர்ப்பார்கள். மலிவு டயரில் இவை போதாது. அதனால்தான் தினம் ஓடும் சைக்கிளைவிட, காற்றிறங்கி மூலையில் சும்மா நிற்கிற சைக்கிளின் டயர் முதலில் கெட்டுவிடுகிறது. தரையில் மடங்கி நிற்கிற இடத்தைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

என்னிடம் அதிகம் வருவது "அடிக்கடி பஞ்சர்" கேஸ்கள். டியூபைக் கழற்றும் முன், டயரில் எழுத்து இருக்கும் இடம் வால்வுக்கு நேராக எங்கே நிற்கிறது என்று சாக்பீசால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்துக்குப் போவேன். முள்ளோ கண்ணாடியோ என்றால் ஓட்டை பட்டன் பக்கம் இருக்கும், டயரிலும் தடம் தெரியும். மலிவு டயர் கேஸ்களில் பல நேரம் ஓட்டை பக்கவாட்டில் இருக்கும், வெளியே ஒரு கீறல் கூட இருக்காது. டயரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பழைய பருத்தித் துணியை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் சிக்கும். அங்கே நூல் அடுக்கை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய இணைப்பு, ரப்பர் மூடாமல் கரடாக நிற்கும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி எழும்போது அந்தக் கரடு டியூபை அரம் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். பேட்ச் ஒட்டினால் பேட்சுக்கு ஓரமாக அடுத்த ஓட்டை. டியூபை மாற்றினாலும் அதே கதைதான். கரடு சின்னது என்றால் அதன் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றை சொலூஷன் போட்டு ஒட்டிவிட்டால் கொஞ்ச காலம் ஓடும். நூலே அறுந்திருந்தால் அதுவும் தாங்காது.

நூல் அறுந்ததற்கு அடையாளம் வீக்கம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ஓரிடத்தில் டயர் பாம்பு மாதிரி நெளியும். கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் வருகிறார்கள். ஸ்போக்கைத் திருகினால் ரிம் நேராகும், டயருக்குள் அறுந்த நூல் சேராது. வீங்கிய டயரை அன்றைக்கே மாற்ற வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கம்பியின் குறை இன்னும் ஆபத்தானது. வளையம் அளவைவிடப் பெரிதாகிப் போனால், காற்று ஏற ஏற டயரின் ஓரம் ரிம்மை விட்டு மேலே ஏறும். அந்த இடைவெளியில் டியூப் பிதுங்கி, பட்டாசு மாதிரி வெடிக்கும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது. டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்துக்கு மேல் 10 சதவீதம் கூட்டிக் காற்றடித்து 5 நிமிடம் வைத்தாலும், டயர் ரிம்மை விட்டுக் கழலக் கூடாது. எவ்வளவு காற்று என்றே அச்சடிக்காத டயர்களும் கைக்கு வருகின்றன. அவற்றை நான் மாட்டித் தருவதில்லை.

சில நேரம் குற்றம் டயர் மேல் இருக்காது, அளவு மேல் இருக்கும். 26×1.75 என்று தசமத்தில் எழுதிய டயரும் 26×1¾ என்று பின்னத்தில் எழுதிய டயரும் கணக்கில் ஒன்று, ரிம்மில் வேறு. முன்னது உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர், பின்னது 571. "26 தானே, போட்டுடலாம்" என்று லீவரை வைத்து நெம்பி ஏற்றினால் கம்பி வளைந்து, நல்ல டயரும் அன்றோடு கெட்டது. டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், அடுத்தது ரிம் விட்டம். இரண்டாவது எண் பழைய டயரில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

புது டயர் வாங்கும்போது பட்டனை விட்டுவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். நூல் வரிசை ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது நூல் மூடாமல் தெரிகிறதா, இணைப்பில் விரலை ஓட்டினால் தட்டுகிறதா? பக்கவாட்டை இரண்டு விரலால் மடித்துப் பிடித்தால் மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் அது வெயிலில் பல நாள் தொங்கிய சரக்காக இருக்கலாம். மடித்துக் கட்டியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பியில் ஒரு கோணல் மடிப்பு இருந்தாலும் வேண்டாம். மாட்டி முக்கால் காற்று அடித்ததும், ரிம்முக்கு மேலே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைக் கவனியுங்கள். ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் அது தெரிய வேண்டும். ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் முங்கினால் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப அப்படியே வந்தால் டயரின் வார்ப்பே சரியில்லை.

அங்குலத்துக்கு இத்தனை நூல் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். சில நிறுவனங்கள் ஓர் அடுக்கை எண்ணும், சில எல்லா அடுக்கையும் கூட்டிப் போடும். நூல் எண்ணிக்கை குறைந்தாலே மட்டம் என்றும் இல்லை. தடித்த நூலும் கனத்த ரப்பருமாக வரும் சாதாரணக் கறுப்பு டயர்கள், வேகம் தேவைப்படாத வேலைக்கு வருஷக்கணக்கில் உழைப்பதை நானே பார்த்திருக்கிறேன். விலை குறைவு என்பதற்காக அவற்றை ஒதுக்க மாட்டேன்.

மலிவு டயர் மேல் போடும் பழியில் ஒரு பங்கு காற்றுக்கும் சேரும். கட்டை விரலால் பட்டனை அமுக்கிப் பார்த்து "இருக்கு" என்பது போதாது. காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும் பியூட்டில் ரப்பர் டியூபானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கத்தான் செய்யும். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு நூல் அளவுக்கு மீறி மடங்குகிறது. குழியில் விழுந்தால் ரிம் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். வாரம் ஒருமுறை அளவுமானி உள்ள பம்பில் பார்த்துவிடுங்கள். பிரேக் கட்டை ரிம்மைத் தாண்டி டயரை உரசுகிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய பக்கச் சுவரை அது சத்தமில்லாமல் அறுத்துவிடும்.

கடைசியாக முன், பின் விஷயம். எடையில் பெரும்பங்கும் மிதியின் இழுப்பும் பின் டயர் மேல் விழுவதால் அதுதான் முதலில் தேயும். தேய்ந்ததை முன்னே மாற்றி, புதுசைப் பின்னே போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் தலைகீழாகச் செய்கிறேன். பின் டயர் வெடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் போனால் ஹேண்டில் கையை விட்டுப் போகும். அதனால் முன்னே இருப்பது நல்ல நிலையில் இருந்தால் பின்னுக்குத் தள்ளி, முன்னே புதுசை மாட்டுகிறேன். கையில் ஒரு நல்ல டயருக்குத்தான் காசு இருக்கிறது என்கிறவருக்கும் இதையேதான் சொல்கிறேன்: அதை முன்னால் போடுங்கள்.